டெல்லி வெயிலில் உப்பிய பேட்டரி: உங்களுக்கும் நடந்ததா?

முனிர்கா மொட்டைமாடி:

போன ஜூனில் நடந்தது. வீட்டிலிருந்தே வேலை. திடீரென்று லேப்டாப்பின் டச்பேடை அழுத்தினால் அமுங்கவில்லை. தூசி என்று நினைத்தேன். மேசையில் வைத்தால் தொட்டில் மாதிரி ஆடியது, அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. நேரு பிளேஸ் கடைக்காரர் பக்கவாட்டில் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "பேட்டரி ஃபூல் கயா" (உப்பிவிட்டது) என்றார். அடிமூடியைக் கழற்றினால் உள்ளே பூரி.

இரண்டு வருடம் சார்ஜரைப் பிடுங்கவே இல்லை. இன்வெர்ட்டர் மெக்கானிக் "எப்பவும் ஃபுல்லா வைங்க, காலியா விட்டா செத்துடும்" என்று சொன்னதை லேப்டாப்புக்கும் பொருத்திவிட்டேன். அவர் சொன்னது ஈய அமில பேட்டரிக்குச் சரி. காலியாகக் கிடந்தால் அதன் தகடுகளில் சல்பேட் படிந்து இறுகிவிடும்.

லித்தியம் வேறு ஜாதி. ஒரு பக்கம் கிராஃபைட், மறுபக்கம் உலோக ஆக்சைடு, நடுவில் மெல்லிய சவ்வும் கரைசலும். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடை விட்டுக் கிளம்பி கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையில் போய் ஒண்டிக்கொள்கின்றன. நாம் பயன்படுத்தும்போது அவை வீடு திரும்ப, எலெக்ட்ரான்கள் வெளிவழியாக ஓடி வேலை செய்கின்றன. வழக்கமான செல் 4.2 வோல்ட்டில் நிறைந்துவிடும். அந்த உச்சியிலேயே மாதக்கணக்கில் நிறுத்தி வைத்தால் கரைசல் மெல்லச் சிதைந்து வாயு உண்டாகும். சூடும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். என் அறைக்கு மேலே மொட்டைமாடி, வெளியே 45 டிகிரி. பேட்டரியைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

இப்போது 80 சதவீதத்தில் நின்றுவிடும்படி அமைத்திருக்கிறேன். உங்கள் கதைகளையும் சொல்லுங்கள்.

மயூர் விஹார் மாமி:

தம்பி, எனக்கு நேர் எதிர். பெண்ணின் பிரசவத்துக்காகக் கும்பகோணம் போய் மூன்று மாதம் இருந்தேன். கிளம்பும்போது என் மின்சார ஸ்கூட்டரில் 4 சதவீதம் சார்ஜ். "முழுசா தீர்ந்தப்புறம்தான் சார்ஜ் போடணும்" என்று எங்கள் வீட்டில் ஓயாத மந்திரம். மாமா அதைப் பழைய நிக்கல் காட்மியம் பேட்டரி காலத்தில் கற்றுக்கொண்டு, இன்னும் விடவில்லை.

ஓடாமல் நின்றாலும் பேட்டரிக்குள் இருக்கும் கட்டுப்பாட்டுப் பலகை கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே இருக்குமாம். திரும்பி வந்து செருகினால் சார்ஜ் ஏறவே இல்லை. தெருமுனைப் பையன் பலகையைத் தாண்டி நேராகக் கரன்ட் கொடுத்து எழுப்பிவிடுகிறேன் என்றான். நானும் சரி என்று சொல்லிவிட்டேன்! நல்லவேளை, எலெக்ட்ரிகல் படித்த என் அண்ணன் மகன் போனிலேயே கத்தினான். செல் ரொம்பக் கீழே இறங்கிவிட்டால் உள்ளே இருக்கும் செப்புத் தகடு கரையத் தொடங்குமாம். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செப்பு கண்ட இடத்தில் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கலாம். ஏறமாட்டேன் என்று பலகை அடம் பிடித்ததே என்னைக் காப்பாற்றத்தான். புது பேட்டரிக்கு அழுத பணத்தை இங்கே எழுத மனசில்லை.

ஊருக்குப் போனால் இப்போது பாதி சார்ஜில் விட்டுவிட்டுப் போகிறேன். மாமாவிடம் சொல்லவில்லை.

கரோல்பாக் கணக்கர்:

ஜனவரியில் காலை 5 டிகிரி. ஒரு சார்ஜில் 80 கிலோமீட்டர் ஓடிய என் மின்சார வண்டி 60ஐத் தாண்டவில்லை. பேட்டரி போய்விட்டது என்று வாங்கிய இடத்தில் சண்டையே போட்டுவிட்டேன். மார்ச்சில் தானாகச் சரியானது. குளிரில் அயனிகளின் ஓட்டம் மந்தமாகும், அவ்வளவுதான். உறைநிலைக்குக் கீழே சார்ஜ் போட்டால்தான் நிஜமான கேடு. கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் லித்தியம் அதன் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும். டெல்லியில் அந்த அளவுக்குப் போவது அபூர்வம்.

கோடையில் என் பழக்கம்: வந்து நிறுத்தியதும் செருகமாட்டேன். பேட்டரி சூடு ஆறட்டும் என்று குளித்து, காபி குடித்து, அப்புறம்தான்.

மாமி, புதுசு எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகையா? அப்படியென்றால் 80 சதவீதக் கணக்கை அப்படியே பின்பற்றாதீர்கள். அதன் வோல்டேஜ் பெரும்பகுதி நேரம் ஒரே மட்டத்தில் நிற்பதால் சார்ஜ் காட்டும் மீட்டர் ஏமாந்துபோகும். அவ்வப்போது முழுசாக நிரப்பினால்தான் கணக்கு நேராகும்.

முனிர்கா மொட்டைமாடி:

நன்றி. ஒரு சந்தேகம். உப்பிய பேட்டரியைக் கடைக்காரர் என்னிடமே கொடுத்துவிட்டார். கபாடிவாலா (பழைய சாமான் வாங்குபவர்) மூன்று முறை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை. உடைத்துப் பிரித்தால் அவர் கையில்தான் வெடிக்கும். 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி திரும்பப் பெறுவது தயாரிப்பாளர் பொறுப்பு. சேவை மையத்தில் அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை மண்பானையில் மணல் நிரப்பி, அதற்குள் வைத்து மொட்டைமாடியில் விட்டிருக்கிறேன். சரிதானே?

மயூர் விஹார் மாமி:

பானை சரி. முதலில் அதை நிழலுக்கு நகர்த்து.