எனக்குப் பிறகு என் காசுகள் எங்கே போக வேண்டும்?

நண்பர்களுக்கு வணக்கம். எனக்கு 71 வயது. ராஜராஜன் பெயர் பொறித்த செப்புக்காசுகள், மதுரை நாயக்கர் காசுகள், கிழக்கிந்தியக் கம்பெனி காலத்து நட்சத்திர வராகன் என்ற பொற்காசு ஒன்று என்று என்னிடம் ஒரு சேகரிப்பு இருக்கிறது. அப்புறம் எனக்கு உயிரான புதுக்கோட்டை அம்மன் காசுகள்: ஒரு பக்கம் பிரகதாம்பாள் அம்மன், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'.

மகள் கனடாவில் இருக்கிறாள். 100 ஆண்டு கடந்த காசுகளை 1972ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. உயில் எழுதி இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வாங்குவது பெரிய வேலையில்லை. ஆனால் எது என்ன காசு என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எடைக்குப் போட்டுவிடுவார்களோ, புளி போட்டுத் தேய்த்துவிடுவார்களோ என்றுதான் பயம். தேய்த்த செப்புக்காசுக்கு மதிப்பே போய்விடும்.

ஒவ்வொரு காசுக்கும் படம், எடை, வாங்கிய விலை எழுதிப் பட்டியல் போட்டு வருகிறேன். வேறு என்ன சேர்க்கலாம்? எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு யாராவது காசுகள் கொடுத்திருக்கிறீர்களா? தனித் தொகுப்பாக வைப்பார்களா? ஏலத்தில் விற்றவர்கள் நம்பகமான மதிப்பீட்டாளரை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

அம்மன் காசுகளை மட்டும் விற்க மனமில்லை. பிரகதாம்பாள் கோயில் இருக்கும் புதுக்கோட்டை திருக்கோகர்ணத்திலேயே அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. அங்கே கொடுக்க யாரை அணுகுவது என்று தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.