இரண்டரை வயதுப் பையன் கூட நின்றால் மட்டும் கேக் அமுங்கிவிடுகிறது, ஏன்?

கடலூர் அம்மா:
எல்லோருக்கும் வணக்கம். தேவனாம்பட்டினம் போகும் வழியில் எங்கள் வீடு. மைதா டப்பாவை எடுக்கும் சத்தம் கேட்டாலே என் பையன் ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்து "நானு, நானு" என்று நிற்பான். அவனை விரட்ட எனக்கு மனசு வராது, அவனோடு சேர்ந்து செய்யத்தான் கேக் சுடும் மின்சார அடுப்பான ஓடிஜியே வாங்கினேன். ஆனால் அவன் தூங்கும்போது நான் தனியாகச் செய்தால் தயிர் கேக் பஞ்சு மாதிரி வருகிறது, அதே அளவு, அதே டின், அவன் கூட இருந்தால் நடுவில் அமுங்கி, அடியில் களி மாதிரி ஒரு பட்டை. மூன்று தடவை ஆகிவிட்டது. மைதா ஒன்றரை கப், தயிர் 1 கப், சர்க்கரை முக்கால் கப், எண்ணெய் அரை கப், பேக்கிங் பவுடர் ஒன்றேகால் டீஸ்பூன், ஆப்ப சோடா அரை டீஸ்பூன். 180 டிகிரி. முட்டை கிடையாது. எங்கே தப்பு?

முத்தியால்பேட்டை அடுப்படி:
சகோதரி, அளவில் ஒரு தப்பும் இல்லை, நேரத்தில்தான் இருக்கிறது. தயிரில் சோடா பட்ட நிமிடமே பொங்கி நுரைக்க ஆரம்பித்துவிடும், அந்தக் காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது. நீங்கள் தனியாகச் செய்யும்போது ஐந்து நிமிடத்தில் மாவு டின்னுக்குப் போய்விடும். பையன் கூட இருந்தால் அவன் ஒரு கரண்டி கலக்கி, கீழே சிந்தி, துடைத்து, மறுபடி "நானு" என்று கேட்டு, இருபது நிமிடம் ஓடிவிடும், அதற்குள் காற்று போய்விடும். அதுவும் மைதா ஈரமான பிறகு கலக்கக் கலக்க இழுவை கூடும், அந்தக் களிப் பட்டைக்கு இதுவும் ஒரு காரணம்.

அதனால் அவன் வேலையை முன்னால் வையுங்கள். மைதாவைச் சலிப்பது, தயிரையும் சர்க்கரையையும் கரையும் வரை அடிப்பது, டின்னில் எண்ணெய் தடவுவது எல்லாம் அவனுக்கு. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அடிக்கட்டும், ஒன்றும் கெடாது. ஓடிஜி சூடானதும் சோடா, பவுடர், மைதா மூன்றையும் நீங்கள் சேர்த்து, வெள்ளை மாவு கண்ணுக்கு மறையும் வரை மட்டும் கலந்து உடனே உள்ளே தள்ளுங்கள். அப்புறம் இன்னொன்று, கடல் காற்றில் பேக்கிங் பவுடர் சீக்கிரம் வீரியம் இழக்கும். ஒரு சிட்டிகையைச் சுடுதண்ணீரில் போட்டுப் பாருங்கள், சட்டென்று நுரைக்காவிட்டால் வேறு வாங்குங்கள். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கக் கூடாது.

லாஸ்பேட்டை பாட்டி:
அம்மாடி, குழந்தையோடு செய்ய ரவை நல்லது. எங்கள் பாண்டிச்சேரியில் கிறிஸ்துமஸுக்கு விவிக்கம் கேக் செய்வோம், ரவை, வெண்ணெய், முட்டை, முந்திரி, ரம்மில் ஊறிய திராட்சை. ரவையில் வெண்ணெயைப் பிசைந்து ஊற விடுவது முதல் வேலை. அதை என் பேத்திக்குக் கொடுத்துவிடுவேன், அவளுக்கு மூன்று வயது, இரண்டு கையாலும் அளைந்துகொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பாள், மைதா மாதிரி அது சட்டென்று இழுபடாது. பிள்ளைகளுக்குச் செய்யும்போது ரம் வேண்டாம், திராட்சையைக் கமலா ஆரஞ்சுச் சாற்றில் ஊற வைப்பேன். முந்திரியை முழுசாகப் போடாதே கண்ணு, பொடியாக அரைத்துப் போடு, இந்த வயதில் தொண்டையில் மாட்டும்.

திருப்பாதிரிப்புலியூர் அப்பா:
சகோதரி, என் அனுபவத்தில் கேக்கை விட நெய் பிஸ்கட்தான் இந்த வயதுக்கு ஏற்றது. மைதா 1 கப், பொடித்த சர்க்கரை அரை கப், உறைந்த நெய் அரை கப், ஒரு சிட்டிகை சோடா. தண்ணீரே இல்லாததால் எவ்வளவு பிசைந்தாலும் ரப்பர் ஆகாது. நம்ம ஊர் வெயிலில் நெய் இளகி மாவு கையில் ஒட்டினால் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 160 டிகிரியில் 15 நிமிடம், ஓரம் லேசாகச் சிவந்தால் எடுத்துவிடலாம். சூட்டில் மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால்தான் மொறுமொறுப்பு.

பச்சை மாவை நக்க விடாதீர்கள். முட்டை இல்லாவிட்டாலும் மைதா வேகாத மாவுதானே, அதிலும் கிருமி இருக்கும். அதற்குப் பதில் தனிக் கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காய்த் துருவலும் நாட்டுச் சர்க்கரையும் கொடுத்துவிடுங்கள். ஓடிஜியின் கண்ணாடிக் கதவு அணைத்த பிறகும் வெகு நேரம் சுடும், அவன் ஸ்டூல் போட்டாலும் எட்டாத மேடையில் வையுங்கள். நாங்கள் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருக்கிறோம், என் மகள் அதற்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்கார்ந்து விளக்கு எரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

கடலூர் அம்மா:
மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. பேக்கிங் பவுடரைச் சோதித்தேன், நுரையே வரவில்லை, மழைக்காலத்துக்கு முன்னால் வாங்கிய டப்பா. புதுசு வாங்கி, முத்தியால்பேட்டைச் சகோதரி சொன்ன மாதிரி அவன் வேலை முடிந்த பிறகு சோடா சேர்த்தேன், கேக் அமுங்கவில்லை, அடியில் பட்டையும் இல்லை. நேற்று நெய் பிஸ்கட்டும் செய்தோம். உருட்டின ஒவ்வொன்றின் நடுவிலும் கட்டைவிரலால் அழுத்திவிட்டான், அந்தக் குழி அப்படியே வெந்து வந்திருக்கிறது. அதில் ஒன்றை யாரும் தொடக் கூடாது என்று சின்ன டப்பாவில் எடுத்து வைத்திருக்கிறான், சனிக்கிழமை சென்னையிலிருந்து அவன் அப்பா வருகிறார். பாட்டி, விவிக்கத்துக்கு ரவையை எத்தனை மணி நேரம் ஊற வைப்பீர்கள்?