பகாமுன்மூளை: ஒரு முன்மொழிவு

ஐயா, வணக்கம்.

கருவில் முன்மூளை இரண்டாகப் பிரியாத பிறவிக் குறையான ஹோலோபுரோசென்செபலிக்கு நீங்கள் தமிழ்ச்சொல்லாகத் தந்த ‘முழுமுன்மூளை’ மூலச்சொல்லை அப்படியே பின்பற்றுகிறது, குறையைத்தான் சொல்லவில்லை. கிளிநொச்சியில் ஒரு மருத்துவமாது கர்ப்பிணியிடம் இதைச் சொன்னால், பிள்ளையின் மூளை முழுமையாக இருக்கிறது என்று அந்தத் தாய் ஆறுதல் கொள்வார்.

மாற்றாகச் சொல்லக்கூடிய ‘முன்மூளைப் பிளவின்மை’யிலும் சிக்கல் உண்டு. இந்தப் பிள்ளைகள் பலருக்கு உதடும் அண்ணமும் பிளந்திருக்கும். ஒரே மருத்துவ அட்டையில் பிளவும் பிளவின்மையும் இருந்தால் வாசிப்பவர் குழம்புவார். ‘பிரியா முன்மூளை’ வேண்டவே வேண்டாம். வன்னியில் தெருவுக்கொரு பிரியா இருக்கிறாள்.

கருவின் முதல் சில வாரங்களிலேயே முன்மூளை இடம் வலமாகப் பிரிந்து இரு மூளைய அரைக்கோளங்களாக வேண்டும். கடுமையான வகையில் அது பிரிவதே இல்லை. உள்ளே ஒரே அறைதான் இருக்கும். முன்மூளையைப் பிரிக்கும் நடுக்கோட்டுச் சமிக்கையே கண்களையும் பிரிக்கிறது. அது தவறினால் இரு கண்களும் ஒரே கட்குழிக்குள் சேர்ந்துவிடலாம். மூக்கு கீழே இறங்க வழியின்றி அதற்கு மேலே குழலாக நிற்கும். முகத்தைக் கொண்டே மூளையைக் கணிக்கலாம் என்று மருத்துவ ஆய்வாளர் டிமையர் குழுவினர் 1964இல் எழுதியதற்கு அடிப்படை இந்த உறவுதான்.

ஆகவே ‘பகாமுன்மூளை’, அதாவது பகுபடாத முன்மூளை, என்கிறேன். தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பகா எண் பழக்கம். எங்கள் இலங்கைப் பாடநூலில் அது முதன்மை எண். ஆனாலும் பகுத்தலும் பகுதியும் எல்லோர் வாயிலும் இருப்பவைதானே. மூளையின் lobe என்பதைச் சோணை என்று கொண்டு, வகைகளைச் சோணையற்றது (alobar), அரைச்சோணை (semilobar), சோணையுள்ளது (lobar) எனலாம். சோணைக்குப் பதில் ‘மடல்’ வேண்டுமென்பவர்களோடு சண்டையில்லை. இரண்டுமே காதுக்கும் வழங்கும் சொற்கள்.

ஒற்றைக் கண் நிலையின் மூலப்பெயரான சைக்ளோப்பியாவில் சைக்ளோப்ஸ் என்ற ஒற்றைக் கண் கிரேக்க அரக்கன் ஒளிந்திருக்கிறான். அவனைத் தமிழுக்குக் கூட்டிவர நான் சம்மதிக்க மாட்டேன். ‘ஒற்றைக் கட்குழி’ போதும். உடற்கூற்று வகுப்பிலும் எழுதலாம், பெற்றவளின் முன்னாலும் சொல்லலாம்.

இந்தத் தலைப்பின்கீழ் மூளையின்மையைச் (அனென்செபலி) சேர்ப்பதையும் எதிர்க்கிறேன். அது நரம்புக்குழாயின் மேல்முனை மூடாததால் வருவது. கிளினிக்கில் போலிக் அமிலம் கொடுப்பது அவ்வகைக் குறைகளைத் தடுக்கவே. பகாமுன்மூளைக்கோ, கருத்தரிக்கும் முன்பே தாய்க்கு இருக்கும் நீரிழிவு அறியப்பட்ட ஆபத்துக் காரணி. இரண்டையும் ஒரே பெயரில் அடக்கினால் தாய்க்குச் சொல்லும் ஆலோசனையும் குழம்பிவிடும்.

கண்ணுக்கு மேல் நிற்கும் அந்தக் குழலுக்கு ‘துதிக்கை’ என்றால் பேச்சு பிள்ளையாரிடம் போய்விடும். ‘மூக்குக்குழல்’ என்று இப்போதைக்கு வைத்திருக்கிறேன். இதைவிட நல்லது இருந்தால் எழுதுங்கள்.