மறு: டிபென்டென்சிக்கு “சார்பு” சரிதானா? “தேவைப்பொதி” வைக்கலாமே

எல்லாருக்கும் வணக்கம்,

லினக்ஸ் மென்பொருள் சொற்களைத் தமிழாக்கறோமே, அதுல பேக்கேஜுக்கு (நிறுவறதுக்காகக் கட்டி வச்ச மென்பொருள்) பொதி, ரெப்பாசிட்டரிக்கு (பொதிகளைச் சேத்து வச்சிருக்கற இடம்) களஞ்சியம், இந்த ரெண்டுலயும் யாருக்கும் மனக்குறை இல்லன்னு நினைக்கறேன், அதைத் திரும்பக் கிளற வேண்டாம். டிபென்டென்சி, அதாவது ஒரு பொதி ஓடறதுக்கு இருந்தே ஆகவேண்டிய இன்னொரு பொதி, அதுக்கான சொல் மட்டும்தான் இழுத்துட்டே போகுது.

> சார்பு என்றே வைத்துவிடலாம், பழகிய சொல்தானே?

பழகின சொல்தான் ஐயா, ஆனா பழகினது வேற பொருள்ல. கணக்குப் பாடத்துல சார்புன்னா ஃபங்ஷன். சரி, ஒரு சொல்லுக்கு ரெண்டு பொருள் இருக்கறது புதுசில்ல, அதைக்கூட பொறுத்துக்கலாம். எனக்கு உறுத்தறது அதோட திசை. “மரத்தைச் சார்ந்த கொடி”ன்னா கொடிதான் மரத்தை நம்பி இருக்கு. அப்ப விஎல்சிங்கற வீடியோ பிளேயரைப் பத்தி “விஎல்சியைச் சார்ந்த பொதிகள்”னு எழுதினா விஎல்சி இருந்தாத்தான் ஓடுற பொதிகள்னு அர்த்தமாகுது, நாம சொல்ல வந்ததோ எதெல்லாம் இருந்தா விஎல்சி ஓடும்ங்கறதை. அப்படியே தலைகீழ்.

இது வெறும் சொல் சண்டை இல்ல. புதுசா லினக்ஸ் மின்ட் இயங்குதளம் போட்டவங்களுக்காக நான் எழுதின ஒரு குறிப்புல “சார்ந்த பொதிகள் தானாக நிறுவப்படும்”னு போட்டிருந்தேன். அதைப் படிச்ச ஒரு தங்கச்சி, சார்ந்ததுன்னா கூடவே ஒட்டிக்கிட்டு வர்ற உபரின்னு எடுத்துக்கிட்டு, இடம் மிச்சம் பண்ணலாம்னு பொதிகளைப் போட, நீக்க உதவுற சினாப்டிக்கைத் திறந்து, நிறைய பொதிகளுக்குத் தேவையான பைத்தான்3-ஐ நீக்கச் சொல்லியிருக்காங்க. கூட இன்னும் என்னென்ன போகும்னு அது ஒரு நீளப் பட்டியல் காட்டிச்சு, அதுலயே டெஸ்க்டாப்பைக் காட்டுற சின்னமனும் இருந்திருக்கு, அதையும் உபரின்னே நினைச்சு சரின்னு அழுத்திட்டாங்க. மறுபடி ஆன் பண்ணினப்ப டெஸ்க்டாப்பே இல்ல, கறுப்புத் திரையில லாகின் கேட்டு ஒரு கோடு மட்டும் மினுக்கிட்டு நிக்குது. நல்லவேளை, கட்டளை அடிச்சுப் பொதிகளைப் போடுற ஆப்ட் போகல. நெட் கேபிள் மாட்டி, ஆப்டோட ஹிஸ்டரி லாக்ல அன்னிக்கு எதெல்லாம் போச்சுன்னு பார்த்து, ஒவ்வொண்ணா திரும்பப் போட்டோம். அவங்க மேல தப்பே இல்ல, தமிழை ஒழுங்காத்தான் படிச்சிருக்காங்க, எழுதினதுதான் தப்பு.

> துணைப்பொதி எளிமையாக இருக்கிறதே

எளிமைதான், கேக்கவும் நல்லா இருக்கு. ஆனா துணைன்னா இருந்தா நல்லது, இல்லாட்டியும் பொழப்பு ஓடும்னு ஒரு தொனி வருது. மின்ட்டுக்கு மூலமான டெபியனோட பொதிகள்ல இதுக்கே தனித்தனிப் படி இருக்கு பாருங்க: டிபென்ட்ஸ்னா இல்லாம முடியாது, ரெகமெண்ட்ஸ்னா வழக்கமா கூடவே வரும் ஆனா எடுத்தாலும் பொதி ஓடும், சஜஸ்ட்ஸ்னா வேணும்னா நாமளா போட்டுக்கலாம். துணைப்பொதியை அந்த நடுப் படிக்கு வச்சுக்கிட்டா அவ்வளவு பொருத்தமா உக்காருது. மொத படிக்கு அதைக் குடுத்துட்டா நடுப் படிக்குச் சொல் தேடி அலையணும்.

நான் மொதல்ல கொழுகொம்பு வரைக்கும் போனேன், கொடி படர நட்டு வைக்கிற கொம்பு. பொருள் அச்சா பொருந்துது, மனசுக்கும் ரொம்பப் பிடிச்சிருந்தது. ஆனா கணினி முன்னாடி மொத நாள் உக்காந்தவங்க ஒரு பிழைச் செய்தியில இதைப் பார்த்தா என்ன புரியும்? விட்டுட்டேன்.

அதனாலதான் தேவைப்பொதி. இதை வாக்கியத்துல போட்டுப் பார்க்கணும், தனியா வச்சுப் பார்த்தா எந்தச் சொல்லும் நல்லாத்தான் தெரியும். “இந்தப் பொதிக்கு மூன்று தேவைப்பொதிகள் உள்ளன, அவையும் நிறுவப்படும்.” “தேவைப்பொதிகள் கிடைக்கவில்லை.” ரெண்டுமே யார்கிட்டயும் கேக்காம புரியுது. பெரிய லாபம் என்னன்னா, சார்ந்தங்கற சொல் இப்ப அதோட சொந்த வேலைக்குத் திரும்பிடுது: ஆப்ட் டிபென்ட்ஸ்னு கட்டளை போட்டா வர்றது தேவைப்பொதிகள், ஆர்டிபென்ட்ஸ் போட்டா வர்றது சார்ந்த பொதிகள். “இதை நீக்கினால் இதைச் சார்ந்த 14 பொதிகளும் நீங்கும்”னு திரையில வந்திருந்தா அந்தத் தங்கச்சி கை கொஞ்சம் தயங்கியிருக்கும்.

ஒரு இடத்துல இடிக்குது, மறைக்கல. இனி தேவைப்படாத பொதிகளைத் தூக்குற ஆட்டோரிமூவ் கட்டளை காட்டுற செய்தியை எழுதப் போனா “தேவையற்ற தேவைப்பொதிகள்”னு வந்து நிக்குது, படிக்கவே சகிக்கல. அங்க “இனி எந்தப் பொதிக்கும் வேண்டாதவை”ன்னு பிரிச்சு எழுதிடலாம்னு பார்க்கறேன், அந்தச் செய்தியில கலைச்சொல்லே வரணும்னு கட்டாயம் இல்லையே.

சார்புதான் வேணும்னு நினைக்கறவங்க, நீக்கும்போது வர்ற செய்தியையும் நிறுவும்போது வர்ற செய்தியையும் அதை வச்சு முழு வாக்கியமா எழுதி அனுப்புங்க. திசை குழம்பாம இருந்தா நான் சந்தோஷமா ஒத்துக்கறேன்.