நரைத்த மீசையோடு சிறுவர் கதை படித்தால் தப்பா?

கேட்டவர்: மகளுக்காக வாங்கிய ஹாரி பாட்டரை அவள் இரண்டாம் பாகத்தோடு விட்டுவிட்டாள். நான் ஐந்தாவதில் இருக்கிறேன். தாம்பரம் ரயிலில் புத்தகத்தை எடுத்தால் எதிர் சீட்டுக்காரர் அட்டையையும் என் மீசையையும் மாறி மாறிப் பார்க்கிறார். வீட்டிலும் 'உருப்படியாக ஏதாவது படிக்கக் கூடாதா?' என்கிறார்கள். இங்கே யாராவது இப்படிப் படிப்பதுண்டா?

பதில்: இந்தக் கூச்சம் பிரிட்டனிலும் இருந்தது சார். 1998-லேயே புளூம்ஸ்பரி பதிப்பகம் பெரியவர்களுக்கென்று தனி அட்டை போட்டது. கறுப்பு வெள்ளையில் நீராவி ரயில் படம், உள்ளே அதே கதை. நீங்கள் தினத்தந்தியில் அட்டை போட்டுக்கொள்ளுங்கள், செலவு மிச்சம்.

பதில்: படிக்கட்டும், ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. நல்லவன், கெட்டவன் பளிச்சென்று தெரிகிற கதையில் நமக்கு என்ன இருக்கிறது?

கேட்டவர்: இந்த ஐந்தாம் பாகத்தில் அம்பிரிட்ஜ் என்று ஒரு டீச்சர் இருக்கிறாளே! ரோஸ் கலர் ஸ்வெட்டர், சுவர் முழுக்கப் பூனைக்குட்டித் தட்டுகள், தேன் ஒழுகும் பேச்சு. தினம் ஒரு சுற்றறிக்கை ஒட்டுவாள். தண்டனை என்று பையனை எழுத வைப்பாள், எழுத எழுத அவன் கையே கிழியும். பிள்ளைகளுக்கு அவள் பொல்லாத டீச்சர், அவ்வளவுதான். ஆபீசில் காலம் தள்ளியவனுக்கு அவளைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

பதில்: 1972-ல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்த ஆள் நான். இன்னமும் காமிக்ஸ் வாங்குகிறேன். மனைவி திட்டுவது விலைக்காக மட்டும்தான். அப்புறம், ஆறாம் பாகம் முடிக்கும்வரை இங்கே எட்டிப் பார்க்காதீர்கள், யாராவது முடிவைச் சொல்லிவிடுவார்கள்.