மாசிக் காத்துல கொரங்காடு (ஆடு மாடு மேய்க்கற புல்லுக்காடு) பத்திக்குமோன்னு பயமா இருக்குங்க

காங்கேயத்துக்காரன்: ஏனுங்க, கொழுக்கட்டைப் புல்லு பூராம் காஞ்சு கெடக்குது, காத்து வேற தூக்குது, ரோட்டுல போறவங்க பீடிய அணைக்காம கிளுவை முள்ளு வேலியோரம் வீசிட்டுப் போறாங்க, மழைக்கு வழி இருக்குங்களா?

பல்லடம்: இப்பத்திக்குப் பெருசா எதிர்பாக்காதீங்க, கோடை மழைன்னா சித்திர, வைகாசிலதான். வேலிய ஒட்டி உள்ளார பத்தடி அகலத்துக்குப் புல்லு இல்லாம உழுது விட்ருங்க, தீ அங்கயே நிக்கும். ஆனா காத்து பலமா அடிச்சா பொறி தாண்டிருமுங்க, அதனால சோளத்தட்டுப் போர அந்தப் பக்கம் வெக்கவே வேண்டாம்.

பொள்ளாச்சி: இங்க கெழக்குக் காத்து பாலக்காட்டுக் கணவாய்ப் பக்கம் வரட்டா இழுக்குது. மத்தியானத்துல ஈரப்பதம் ரொம்பக் கொறையும், அந்நேரம் தென்ன மட்டையக் கொளுத்தறத மொதல்ல நிறுத்தோணும். பத்திக்கிச்சுன்னா ஒடனே தீயணைப்புக்கு 101க்கு அடிங்க.

காங்கேயத்துக்காரன்: சேரிங்க, நாளைக்கே டிராக்டருக்குச் சொல்லிடறேன்.