உரக்குழி ஓரம் தானா முளைச்ச கொடி: நல்ல சுரையா, பேய்ச்சுரையா?

இலை உள்ளங்கையை விட அகலம், வெல்வெட் மாதிரி மெத்துனு இருக்கு. காம்பு இலையோடு சேருமிடத்தில் இரண்டு சின்னச் சுரப்பிகள். பற்றுக்கம்பி இரண்டாகப் பிரியுது. வெள்ளைப் பூ, சாயங்காலம் விரியுது. பூசணி, பீர்க்கு என்றால் பூ மஞ்சள். புடலைக்கு இதழோரம் நூல்நூலாக இருக்கும். அதனால் சுரை இனம்தான்.

பிஞ்சு பிடிக்கும் முன்பே கசப்பு வகையான பேய்ச்சுரையைக் கண்டுபிடிக்க வழி உண்டா? பிஞ்சு வந்தால் நுனியைக் கீறி நாக்கில் தொட்டுத் துப்பிப் பார்க்கலாம். கசந்தால் சமைக்கவே கூடாது. வேகவைத்தாலும் அந்தக் கசப்பில் உள்ள நஞ்சு போகாது.

பக்கத்திலேயே விதைக்கு விட்ட நாட்டுச்சுரை இருக்கு. தானா முளைச்ச கொடியோட மகரந்தம் அதில் கலந்தால் இந்த வருஷக் காய்க்கு ஒன்றும் ஆகாது, அடுத்த தலைமுறை கசக்கலாம். நாட்டுச்சுரையின் பெண்பூவை முந்தின மதியமே உறை போட்டுக் கட்டி, கையால் மகரந்தம் சேர்த்தால் போதுமா, தானா முளைச்ச கொடியையே பிடுங்கணுமா? அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க.